பெயரை வெட்டும் கத்தரி

இறைபணிக்கென எழுதியதில் எனது என்ன, உனது என்ன? நம் பங்குகளில் இவ்வினாவை எழுப்பாதவர் குறைவு. பாடற்குழுவுக்கெனப் பொதுநிலையினர் ஒருவர் கணினியில் எழுதிக் கொடுத்த பாடல், இரு திருவிழாக்கள் கடந்ததும் பெயரின்றிக் கைமாறுகிறது. மூன்றாம் ஆண்டு விழா மலரில் வேறொருவர் பெயரில் அச்சேறுகிறது. ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் ஒருங்கே மீறப்படுகின்றன. கேட்டால், "நீர் எழுதியதற்குச் சான்று எங்கே?" என்கிறார்கள். எடுத்தவரை விட்டுப் பறிகொடுத்தவரிடம் சான்று கேட்கும் விந்தை!

கையெழுத்துப் படியில் அடித்தல் திருத்தல்கள் சாட்சி கூறின. கணினிக் கோப்புக்கு அச்சாட்சி இல்லை என்போர் கோப்பை அறியாதவர். அதன் தேதியை எவரும் மாற்றலாம் என்பது மெய்யே. ஆயினும் பொய்யைக் கோப்பே காட்டிக்கொடுக்கும். பிட்காயின் எனும் மின்பணத்தை விளக்கி, 2008-இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான கட்டுரையைத் தாமே எழுதியதாக ஆஸ்திரேலியரான கிரெய்க் ரைட் உரிமை கொண்டாடினார். இலண்டன் உயர் நீதிமன்றத்தில் அவர் அடுக்கிய ஆவணங்களில், எழுதப்பட்டதாகச் சொன்ன ஆண்டில் பிறந்தேயிராத எழுத்துருக்கள் கிடந்தன! அவர் ஆசிரியர் அல்லர் என 2024 மார்ச்சில் நீதிபதி மெல்லர் தீர்ப்பளித்தார். 1440-இல் லொரென்சோ வல்லா, 'கான்ஸ்டன்டைனின் கொடை' எனும் பத்திரம் போலியென நிறுவியதும் அக்காலத்துக்கு ஒவ்வாத சொற்களைச் சுட்டியே. (அவ்வுண்மையால் திருச்சபை சிறுத்துவிடவில்லை, வல்லாவே பின்னர்த் திருத்தந்தையின் செயலர்களுள் ஒருவரானார்.)

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி எழுதியபோதே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமன்று. வெளியான படியில் எவர் பெயர் உள்ளதோ, மாறாக நிறுவப்படும் வரை அவரே ஆசிரியர் என்கிறது 55-ஆம் பிரிவு. ஆகவே பெயரை வெட்டுபவர் ஒருவருக்குரிய மதிப்பை மட்டுமன்று, அவருடைய சாட்சியையே அழிக்கிறார். உரிமையை விற்றுவிட்டவரும் 'இது என் படைப்பு' எனக் கூறலாம் என 57-ஆம் பிரிவு காக்கிறது. தொண்டாகக் கொடுத்தவருக்கு அதுவும் இல்லையோ?

வழக்கென்று வந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோப்புக்குச் சான்றிதழ் கேட்கும். ஓரெழுத்து மாறினும் மாறிவிடும் 'ஹாஷ்' எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். எழுதுவோர் முதற்படிகளை அழிக்காதிருப்பாராக. முடித்த அன்றே நண்பர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைப்பாராக. விழா மலர்க் குழுவினரே, பாடல் எவருடையதெனத் தேடிக் கேளுங்கள். தெரியவில்லையெனில் 'ஆசிரியர் அறியப்படவில்லை' என்றே அச்சிடுங்கள். அதற்கு ஒரு வரி இடம் போதும்.