கிரீஸ் அடிப்பது யார் வேலை?

நாகர்கோவில் வடசேரியில் நள்ளிரவுக்கு மேல் காய்கறி ஏற்றிக்கொண்டு புறப்படும் பிக்கப் வண்டி, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எல்லாம் தாண்டி, விடியும் முன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வந்து நிற்கிறது. தூரம் சுமார் 65 கிலோமீட்டர். வண்டியின் அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதற்குள் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கும்? சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக உருளும். சக்கரம் ஒரு தடவை சுற்ற, ஷாஃப்ட் நான்கு தடவை சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் சுற்று வருகிறது. போய் வர இரண்டரை லட்சம். ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டில் 15 கோடி.

இந்தப் 15 கோடிச் சுற்றையும் தாங்குவது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்புச் சிலுவை. பட்டறையில் அதற்கு யூ.ஜே. கிராஸ் என்று பெயர். அதன் நான்கு கைகளிலும் நான்கு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியாக வரிசை கட்டிய பேரிங். கியர் பாக்ஸ் சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது. பின் அச்சோ பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இடையில் இருக்கும் ஷாஃப்ட் அதனால் எப்போதும் ஒரு சாய்வில்தான் சுழல வேண்டும். சாய்வில் சுழலும் தண்டுக்கு வளைந்து கொடுக்கும் மூட்டு இந்தக் கிராஸ். ராபர்ட் ஹூக் 1676-இல் எழுதி விளக்கிய மூட்டு இது. கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர் 1904-இல் கம்பெனி தொடங்கி மோட்டார் வண்டிக்காக விற்கத் தொடங்கினார். அன்றிலிருந்து வடிவம் பெரிதாக மாறவில்லை. அதற்கு வேண்டிய தீனியும் மாறவில்லை: கிரீஸ்.

சக்கர பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும். அதனால் உள்ளே இருக்கும் கிரீஸ் உருண்டு உருண்டு மறுபடி தன் இடத்துக்கே வரும். கிராஸில் இருக்கும் ஊசிகளுக்கு அந்த வசதி இல்லை. அவை முழுதாகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சில பாகை அளவே முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஒரே இடத்தில் ஆடி ஆடி அங்கிருக்கும் கிரீஸைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. பிதுங்கியதை ஈடுகட்ட ஆளில்லை என்றால் இரும்போடு இரும்பு உரசும். சிலுவையின் கையில் ஊசி ஊசியாகப் பள்ளம் விழும். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போகும்போது அடியில் 'டொக்' என்று கேட்கிறதே, அது அந்தப் பள்ளத்தில் ஊசி தாவும் சத்தம். மெதுவாக உருளும்போது குருவி கத்துவது போல ஒரு கீச்சொலி, கப்பின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி ஒரு துரு, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்வது என்று வண்டி முன்கூட்டியே பல விதமாகச் சொல்லிப் பார்க்கும்.

கேட்காவிட்டால் 'ஜாயிண்ட் கட்'. மலைப்பாதையில் லாரி நின்று போக்குவரத்து முடங்கும்போது அடிக்கடி காதில் விழும் சொல்தான். பின்பக்க மூட்டு முறிந்தால் ஷாஃப்ட் தரையில் இழுபட்டு வரும். முன்பக்க மூட்டு முறிந்தால் அது இன்னும் மோசம்: தண்டின் முனை தார்ச்சாலையில் குத்தி வண்டியின் பின்புறத்தையே தூக்கிவிடக்கூடும். எந்தப் பக்கம் முறிந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும் வண்டிக்கு கியரின் பிடிப்பு போனால் மிஞ்சுவது பிரேக் மட்டுமே. அமெரிக்காவில் பயணிகளின் காலடியில் ஓடும் ஷாஃப்டுக்கு, அது முறிந்து அடிக்காதபடி காப்பு இருக்க வேண்டும் என்று பஸ்களுக்கு விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருவனந்தபுரம் இந்த மூட்டுக்கு இரக்கம் காட்டாத ஊர். ஆண்டில் இரண்டு பருவமழை. 2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவு மழையில் நகரத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கியதை ஊர் மறந்திருக்காது. ஓடிச் சூடேறிய கிராஸ் அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் வழியே ஈரத்தை உள்ளிழுக்கிறது. விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றும் வண்டிகளின் பாடு தனி. தொட்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் சட்டத்தின் வழியே சொட்டுச் சொட்டாக ஷாஃப்டின் மேலேயே விழுகிறது. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து எல்லை தாண்டி வரும் மீன் வண்டிகளுக்கும் இதே நிலைதான். நாற்றம் போக வேண்டும் என்று வாரத்துக்கு இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ் விடுகிறார்கள். அழுத்தத்தோடு அடிக்கும் அந்தத் தண்ணீர் சீலைத் தாண்டிக் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகிறது. வண்டியைக் கழுவிய கையோடு கிரீஸ் அடிப்பது முன்பு பட்டறைகளில் சேர்ந்தே நடந்த வேலை. இன்று கழுவுவதோடு முடித்துக்கொள்ளும் இடங்கள் பெருகிவிட்டன.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்த மறதி இருந்ததில்லை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த வண்டி மை ஒரு மூங்கில் குழாயில் வண்டியின் அடியிலேயே தொங்கும். அச்சு கத்தினால் வண்டிக்காரர் இறங்கி, குச்சியால் எடுத்துப் பூசிவிட்டு ஏறுவார். வண்டியும் அவருடையது, மாடும் அவருடையது, நேரமும் அவருடையது. இது யார் வேலை என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

மோட்டார் வந்தபோது அந்தக் கேள்விக்குத் திருவிதாங்கூர் அரசு ஒரு தெளிவான பதில் வைத்திருந்தது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி. சால்டரை வரவழைத்து, இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய 60 காமர் சேஸிஸ்களை இறக்குமதி செய்து, பாடியை உள்ளூர் ஆட்களைக் கொண்டே கட்டி, 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் பேருந்தை ஓடவிட்டார்கள். முதல் வண்டியைச் சால்டரே ஓட்ட, மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் அதில் பயணம் செய்தார். அன்று நாகர்கோவிலும் அதே சமஸ்தானம். ஓட்டுகிறவர், பழுது பார்ப்பவர், பாடி கட்டுபவர் எல்லாரும் ஒரே துறையின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் அதன் வாரிசு; அதன் மத்திய பணிமனை பாப்பனங்கோட்டில் இருக்கிறது. பொறியியல் கல்லூரி ஒன்றையே 1995-இல் அந்தக் கழகம் அங்கே தொடங்கியது. பேருந்துக்குப் பராமரிப்பு என்பது வேலை. வேலைக்கு ஆள் உண்டு. ஆளுக்குச் சம்பளம் உண்டு.

பிக்கப் வண்டிக்கு இந்த மூன்றுமே இல்லாமல் போனதுதான் இங்கே சொல்ல வேண்டிய விஷயம். டாட்டா ஏஸ் 2005-இல் வந்தது. அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல். பொலிரோ பிக்கப்போ சந்தைக்குச் சந்தை நிற்கிறது. லாரியில் இரண்டு பேர் போவார்கள். கிளீனர் என்று ஒருவர் இருப்பார். அவருடைய வேலையில் கிரீஸ் கன்னும் ஒன்று. சின்ன வண்டி வந்தபோது கிளீனர் காணாமல் போனார். அவருடைய வேலை மட்டும் ஷாஃப்டின் அடியிலேயே கிடக்கிறது. ஓட்டுநருக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அரை மணி நேரத்துக்குக் காசு கிடையாது. மாறாக, அடுத்த லோடு கைவிட்டுப் போகும். உரிமையாளருக்கு மாதத் தவணை கழுத்தில் இருக்கிறது. ஓட்டுநர் அடிப்பார் என்று உரிமையாளரும், சர்வீஸில் அடிப்பார்கள் என்று ஓட்டுநரும், வண்டி வந்தால் அடிக்கலாம் என்று பட்டறைக்காரரும் இருக்க, கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளின் மேல் சேறு காய்ந்து கல்லாகிறது.

இதை ஓட்டுநரின் சோம்பல் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டும் நேரத்தை மட்டும் வேலை நேரமாக எண்ணவில்லை. வண்டியின் பராமரிப்பு, பழுதுபார்ப்பு தொடர்பாகச் செய்யும் வேலையையும் துணைவேலை என்று வகுத்து, அதையும் வேலை நேரக் கணக்கில் சேர்த்தது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர் என்று இருக்கும் பிக்கப் உலகம் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. சுமை தூக்குபவர்களின் வேலைக்கும் கூலிக்கும் நலனுக்கும் 1978-லேயே தனிச் சட்டம் செய்த மாநிலம் கேரளம். சாலைக் கடைத்தெருவில் அந்த வண்டியிலிருந்து மூட்டை இறக்குபவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதே வண்டியை அங்கே கொண்டுவந்து சேர்த்தவருக்கு, அதைப் பேணும் நேரத்துக்குக் கூலி தரும் ஏற்பாடு ஒன்றும் இல்லை.

தகுதிச் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன் பிறகு ஆண்டுதோறும். முதலில் போட்ட கணக்கின்படி, ஒரு சான்றுக்கும் அடுத்த சான்றுக்கும் நடுவே 15 கோடிச் சுற்று ஓடிவிடுகிறது. சோதனை நாளில் சரியாக இருந்த மூட்டு, அடுத்த மழைக்காலத்தில் சரியாக இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கிரீஸைப் பொறுத்தவரை வண்டியோடு வரும் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்குதான் பேச்சு. வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு அந்தக் கணக்கும் செல்லாது, அன்றே அடித்துவிட வேண்டும்.

வேலை என்று சொன்னால் அதன் நுட்பத்தையும் மதிக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே அடியில் போகலாம். நிப்பிளை முதலில் துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருக்கும் மணல்தான் முதலில் உள்ளே போகும். ஆஸ்கார் செர்க் என்பவருக்கு 1929-இல் காப்புரிமை கிடைத்த அந்தச் சின்ன நிப்பிளுக்குள் ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. உள்ளே போன கிரீஸை அது வெளியே விடாது. கன்னை நிதானமாக அமுக்க வேண்டும். ஒரு கப்பின் ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியேறி, புதுசு தலைகாட்ட வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், தண்டை அசைத்துக் கொடுத்து மறுபடி அடிக்கலாம். அப்போதும் வராவிட்டால் அந்த ஒரு கப் பட்டினி கிடக்கிறது. கழற்றிப் பார்க்காமல் விடக்கூடாது. வெளியேறுவது செம்மண் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

நீளம் மாறும் ஸ்லிப் யோக்கின் பற்களுக்கும் தனி நிப்பிள் உண்டு. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கழற்றி மாட்டும்போது அம்புக்குறி பார்த்துப் பூட்டுவதும் முக்கியம். சாய்வில் சுழலும் ஒற்றை மூட்டு ஒரே சீரான வேகம் தராது. 10 பாகைச் சாய்வில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். முன் மூட்டு செய்யும் இந்தத் தள்ளாட்டத்தைப் பின் மூட்டு எதிர்த்திசையில் சரிசெய்கிறது. ஒரு பல் மாற்றிப் பூட்டினால் இரண்டும் ஒத்துப்போகாமல் வண்டி நடுங்கும். புது கிராஸ் போட்டும் அதிர்வு போகவில்லையே என்று திரும்பி வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கிரீஸின் நிறத்தைப் பார்த்து வாங்குவதும் சரியல்ல. நிறம் சாயம்தான். லித்தியம் வகை, ஈ.பி., இரண்டாம் எண் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா, கையேடு அதைத்தான் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று சேராத இரு வகைகள் கலந்தால் உள்ளே கூழாகி ஒழுகிவிடும். நிப்பிளே இல்லாத, ஆயுள் முழுவதும் மூடிய கிராஸ்களும் வருகின்றன. அவற்றின் சீல் நல்ல சீல்தான். ஆனால் உப்பு ஒழுகும் மீன் வண்டியில் சீலின் ஆயுள் முடிவதுதான் கிராஸின் ஆயுள் முடிவு. மாற்றும் நாள் வரும்போது, தன் வண்டிக்குப் பொருந்தும் நிப்பிள் வைத்த கிராஸ் கிடைக்குமானால் விழிஞ்ஞத்துக்காரர்கள் அதையே கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு கிலோ கிரீஸ் சில நூறு ரூபாய். செலவு கிரீஸில் இல்லை, அரை மணி நேரத்தில் இருக்கிறது. அந்த அரை மணிக்கு உரிமையாளர் டிரிப் கூலியோடு ஒரு தொகை சேர்த்துத் தர வேண்டும். வாடகை பேசும் வியாபாரியும் அதை வாடகைக்குள் ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி பேசும் மேசையில் இதையும் ஓர் இனமாக வைக்கலாம். இடம்தான் பிரச்சினை என்றால், அதற்கும் வழி இல்லாமல் இல்லை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-இல் இந்தியன் ஆயிலோடு சேர்ந்து தன் டிப்போக்களின் எரிபொருள் நிலையங்களைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. டீசல் போட உள்ளே வரும் வண்டி, கட்டணம் கட்டிக் கிரீஸ் அடித்துக்கொள்ள ஒரு குழியும் ஒரு கன்னும் அங்கே வைக்க முடியாதா? சாலைக் கடைத்தெருவில் லோடு இறக்கிய பிக்கப் வண்டிகள் காலை வெயில் ஏறும் முன் ஊருக்குத் திரும்புகின்றன. கரமனைப் பாலம் தாண்டியதும் அவை கடந்து போவது பாப்பனங்கோட்டைத்தான்.