சட்டை விலையில் ஆற்றின் பங்கு

‘ரிம்வேர்ல்ட்’ என்னும் கணினி விளையாட்டில் ஒரு குடியிருப்பை நீங்கள் நடத்துகிறீர்கள். பிரபுக்களுக்கான உடைகளைத் தைத்து வணிகர்களிடம் விற்கலாம். பொருளும் உழைப்பும் உண்டென்றால் உடை ஆயத்தம். அங்கே ஆற்றுக்குக் கணக்கில்லை.

திருப்பூரில் கணக்கு வேறு. பருத்திப் பனியன் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்காகத் தொட்டியில் ஏராளமான உப்பைக் கரைக்கிறார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை; கழிவுநீரோடு வெளியேறுகிறது. பல ஆண்டுகள் அந்நீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர்களின் நிலங்கள் உவர்ப்பாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர்.

உப்பைக் கரைப்பது எளிது, பிரிப்பதுதான் கடினம். கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். அதை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 100 கலோரியே போதும்! ஆகவேதான் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வின் வழியே பிரிக்கிறார்கள். எஞ்சிய உப்புநீரை மட்டுமே ஆவியாக்குகிறார்கள். அதற்கும் மின்சாரமும் எரிபொருளும் செலவாகின்றன.

இச்செலவைச் சாயப்பட்டறைக்காரர் மட்டுமே சுமப்பது நியாயமா? துணியை வாங்கும் வெளிநாட்டு வணிகரும், உடுத்தும் நாமும் பங்கேற்க வேண்டும் என்பதே என் கருத்து. விலையில் சேராத செலவு மறைந்துவிடுவதில்லை. அது யாரோ ஓர் உழவரின் கிணற்றில் போய்ச் சேர்கிறது.

கொதிக்கும் ஒரு லிட்டர் சாயநீரை ஆவியாக்க எத்தனை கலோரி வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு சட்டைக்கு விலை பேசுங்கள்!