டாக்கார் பேசும் மொழியும் அரசு எழுதும் மொழியும்

மேற்கு ஆபிரிக்க நாடான செனகலில் 2023ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி சனத்தொகை சுமார் 1 கோடியே 81 இலட்சம். இவர்களுள் ஐந்திலொரு பங்கினருக்கும் அதிகமானோர், நாட்டின் நிலப்பரப்பில் நூற்றிலொரு பங்கும் இல்லாத டாக்கார் பிராந்தியத்தில் நெருக்கியடித்து வாழ்கின்றனர்.

வயல்களையும் மீன்பிடிக் கிராமங்களையும் விட்டுப் பிழைப்புத் தேடி இத்தலைநகருக்கு வந்த செரர், புலார், ஜோலா மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழி வொலொஃப். அவ்வினத்தவர் நாட்டில் பத்துக்கு நால்வர் அளவினரே. ஆனால் அம்மொழி விளங்குவோர் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல். இதனை எந்தச் சட்டமும் செய்யவில்லை. சந்தையும் பஸ் வண்டியும் வானொலியும் செய்தன.

எனினும், 1960இல் சுதந்திரம் பெற்ற அந்நாட்டின் அரசகரும மொழி இன்றும் பிரெஞ்சே. வொலொஃபில் வாக்குக் கேட்கும் அரசியல்வாதி, வென்றபின் பிரெஞ்சில் சட்டம் இயற்றுகிறார். வீட்டில் கேட்டறியாத மொழியில் பிள்ளை முதலாம் வகுப்பைத் தொடங்குகிறது.

தணிக்கையாளரின் பேனாவை நன்கறிந்த பத்திரிகையாளன் என்ற வகையில் என்னை வியக்கவைத்த சம்பவம் ஒன்றுண்டு. 1968இலேயே வொலொஃபில் முழுநீளத் திரைப்படம் எடுத்தவர் உஸ்மான் செம்பேன். 1977இல் வெளியான அவரது 'செத்தோ' என்னும் படம் செனகலில் தடைசெய்யப்பட்டது. தலைப்பில் 'டி' என்ற ரோமன் எழுத்து ஒருமுறை வரவேண்டுமா, இருமுறை வரவேண்டுமா என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம்! ஒற்றை எழுத்தே போதும் என வற்புறுத்திய அரசின் தலைவர், பிரெஞ்சுக் கவிஞராக உலகப் புகழ்பெற்ற செங்கோர். மக்கள் மொழியின் எழுத்துக்கூட்டலுக்கு ஆணை பிறப்பித்த அரசு, அம்மொழியில் ஆட்சி நடத்த மட்டும் முன்வரவில்லை.

அப்படியாயின், பிரெஞ்சை இறக்கிவிட்டு அந்த ஆசனத்தில் வொலொஃபை ஏற்றினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. 1982இல் பிரிவினைக் கிளர்ச்சி தொடங்கிய தெற்கின் காசமான்ஸ் பகுதியில், வடபுலத்தவரின் ஆதிக்கம் பற்றிய மனக்குறை நெடுநாளையது. சந்தையில் விரும்பிக் கற்ற மொழியையே அரசாணை திணிக்குமானால், அது கசக்கத் தொடங்கிவிடும்.

எனவே, பாடசாலையில் முதற்பாடம் அந்தந்தப் பகுதியின் தாய்மொழியில் அமையட்டும்; அரச அலுவலகமும் நீதிமன்றமும் குடிமகனுக்கு விளங்கும் மொழியில் பேசட்டும். இணைப்பு மொழியை டாக்கார் நகர மக்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள். அரசு செய்யவேண்டியது, அவர்கள் பேசுவதைச் செவிமடுப்பதே.