போட்டோ3-ம் அப்பாவோட மோட்டார் ஸ்டார்ட்டரும்

தலைப்பைப் பாத்துட்டு கல்யாண ஆல்பம் சமாச்சாரம்னு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். போட்டோ3ங்கறது அமேசான் கிளவுடை பைத்தான்ல இருந்து ஆட்டி வைக்கிற லைப்ரரி. அமேசான் ஆத்துல நீந்தற ஒரு டால்ஃபினுக்கு 'போட்டோ'ன்னு பேரு, அதையே இதுக்கும் வச்சுட்டாங்க. பொட்டி தட்டறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். மத்தவங்களுக்கு அப்பாவோட மோட்டாரை வச்சு சொல்றேன்.

எங்க வீடு ஆத்தூர் டவுனுக்குள்ள. வசிஷ்ட நதியைத் தாண்டிப் போனா காடு. (எங்க பக்கம் தோட்டம், வயல் எல்லாமே காடுதாங்க. புலியெல்லாம் இருக்காது.) குச்சிக்கிழங்குக்குத் தண்ணி விட அப்பா முன்னெல்லாம் ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு கிளம்புவாரு. இப்ப ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்கு. வீட்டுத் திண்ணையில இருந்தே போன் போட்டு ஒரு நம்பரை அமுக்கினா மோட்டார் ஓடும், இன்னொண்ணை அமுக்கினா நிக்கும். கிணத்துல தண்ணி வத்திட்டா அதுவே ஆஃப் ஆயிடும். இதத்தான் நாங்க ஏபிஐன்னு பேரு வச்சு பெருசா பேசிக்கறோம். நான் ஆத்தூர்ல உக்காந்து நாலு வரி எழுதினா அமெரிக்காவுல ஆறு சர்வர் ஓட ஆரம்பிக்கும். அவ்ளோதான் மேட்டர்.

ஒரு வித்தியாசம் இருக்கு. அப்பா ரெண்டு தடவை போன் பண்ணினாலும் ஓடறது அதே மோட்டார்தான். நான் ரெண்டு தடவை ஸ்கிரிப்டை ஓட்டினா பன்னெண்டு சர்வர். இது புரியறதுக்குள்ள ஒரு பையனை அழ வச்சுட்டோம்.

சென்னையில ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்ல இருந்தே ஆணி புடுங்கறேன். மொத்தமே ஒம்போது பேரு. போன சித்திரையில ஒரு நாள் சாயங்காலம், டெஸ்டுக்கு ஆறு மெஷின் கிளப்பற ஸ்கிரிப்டை ஓட்டினேன். எங்கியோ சாம்பிள்ல இருந்து எடுத்த கோடு. ரீஜன் வர்ஜீனியான்னு இருந்ததை மாத்தவே இல்ல. ஓட்டின நிமிஷம் பெரிய இடி, கரண்ட் போச்சு, மோடமும் போச்சு. ஸ்கிரிப்ட் எர்ரர் அடிச்சு நின்னுது. "கரண்ட் போயிடுச்சுண்ணா"ன்னு ஓனருக்கு வாட்ஸப் பண்ணிட்டு, கரண்ட் வந்ததும் மறுபடி ஓட்டினேன். ஆறு மெஷின் வந்துச்சு, வேலை முடிஞ்சுது, அழிக்கற ஸ்கிரிப்டையும் ஓட்டிட்டுத் தூங்கிட்டேன். நல்ல புள்ளையாட்டம்.

நடந்தது என்னன்னா, முதல் கட்டளை அங்க போய்ச் சேந்துடுச்சு. பதில்தான் எனக்கு வரல. மெஷினுக்குப் பேர்ச்சீட்டு ஒட்டற டேக் வேலையை ரெண்டாவது கட்டளையா எழுதியிருந்தேன், அது போகவே இல்ல. அழிக்கற ஸ்கிரிப்ட் டேகைப் பாத்துத்தான் அழிக்கும். ஆக, பேரில்லாத ஆறு அனாதைங்க வர்ஜீனியாவுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. எங்க ஆளுங்க கன்சோலைத் தெறந்தா பாக்கறது மும்பைதான், அங்க எல்லாம் சுத்தமா இருந்துச்சு.

பதினோரு நாள். எம்5 எக்ஸ்லார்ஜ், ஒண்ணுக்கு மணிக்கு 0.192 டாலர். பெருக்கிப் பாருங்க, 300 டாலரைத் தாண்டும். நம்ம காசுக்கு இருபத்தஞ்சாயிரத்துக்கும் மேல. காட்டு மோட்டாருக்கு இலவச கரண்டு, மறந்துட்டா கிணறுதான் காலியாகும். இங்க மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒம்போது பேருக்கும் ஒரே ஆக்சஸ் கீ. யாரு ஓட்டினாலும் லாக்ல ஒரே பேருதான் வரும். ஓனர் கிளவுட்ட்ரெயில் பதிவைத் தெறந்து நேரம் பாத்தாரு: 13:12. மத்தியானம் ஒண்ணே கால். அந்த நேரத்துல நான் அவரு கூடவே போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல டெஸ்டிங் பண்ணிக்கிட்டு இருந்தது சேந்து ரெண்டே மாசம் ஆன ராசிபுரத்துத் தம்பி. அவ்ளோதான், முடிவு கட்டியாச்சு. "நான் இல்லண்ணா"ன்னு அவன் சொன்னது யாரு காதுலயும் ஏறல. நான் வேற தனியாக் கூப்பிட்டு, "பாத்துப் பண்ணக் கூடாதா தம்பி"ன்னு அட்வைஸ் பண்ணினேன். இப்ப நெனச்சாலும் கூசுது.

அன்னிக்கு ராத்திரி சும்மா அந்தப் பதிவைப் பாத்தேன். நேரத்தோட கடைசியில 'இசட்'னு ஒரு எழுத்து. யூடிசி! அஞ்சரை மணி நேரம் கூட்டணும். 13:12ன்னா நம்ம நேரம் சாயங்காலம் 6:42. வாட்ஸப்பைத் தெறந்து தேதியைத் தேடினேன். "கரண்ட் போயிடுச்சுண்ணா", 6:44.

காலையில எல்லாரும் இருக்கற கால்ல ஒத்துக்கிட்டேன். தம்பி "பரவால்லண்ணா"ன்னான். அதுக்குள்ள அவன் ஊருக்குப் போன் பண்ணி, பணம் கட்ட வேண்டியிருக்கும்னு அவங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கான். அது எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

ஓனர் சொன்ன தீர்வு: இனிமே ஸ்கிரிப்டே வேணாம், கன்சோல்ல கையால கிளிக் பண்ணுங்க. இங்கதான் எனக்கும் அவருக்கும் சண்டை. கையால ஆறு மெஷினை உருவாக்கினா ஆறு தடவை தப்பு பண்ணலாம். எப்படிப் பண்ணினோம்னு அடுத்தவன் படிச்சுப் பாக்க ஒரு வரி கூட இருக்காது. ஸ்கிரிப்ட்ல தப்புன்னா காட்டவாவது முடியும். 2017 பிப்ரவரி 28 அன்னிக்கு அமேசான்லயே ஒரு ஆள் கட்டளையில ஒண்ணைத் தப்பா கொடுத்து, எடுக்க நெனச்சதை விட நெறைய சர்வரை எடுத்துட்டாரு. எஸ்3 பல மணி நேரம் படுத்துது, பாதி இணையமும் கூடவே படுத்துது. அதுக்கு அவங்க கட்டளையைத் தடை பண்ணல. சர்வரை மெதுவாத்தான் எடுக்கணும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போக விடக் கூடாதுன்னு அந்த டூலையே திருத்தினாங்க.

"டெர்ராஃபார்ம் போட வேண்டியதுதானே"ன்னு பின்னூட்டத்துல வரப் போறீங்க, தெரியும் :) போடுங்க, நல்லதுதான். எதை உருவாக்கினோம்னு அது ஒரு கோப்புல குறிச்சு வச்சுக்கும். போட்டோ3 நேத்து பண்ணினதை இன்னிக்கு மறந்துடும். ஆனா ரெண்டு மணி நேர டெஸ்டுக்கு மெஷின் கிளப்பி அழிக்கற வேலைக்கு எங்களை மாதிரி ஆளுங்க பைத்தான்லதான் எழுதுவோம். ஞாபகத்தை நாமளே கட்டிக்க வேண்டியதுதான்.

நான் மாத்தினது கொஞ்சந்தான். உருவாக்கற கட்டளையிலயே டேகையும் சேத்து அனுப்பறேன் (2017லயே வந்த வசதி, நான்தான் படிக்கல). கிளையன்ட் டோக்கன்னு ஒண்ணு இருக்கு. வேலையோட பேரையும் தேதியையும் சேத்து நாமளே அதைக் கொடுத்துட்டா, ரெண்டாவது தடவை ஓட்டினாலும் புதுசு வராது, பழைய ஆறையே காட்டும். அப்பாவோட மோட்டார் மாதிரி. அப்புறம் மெஷின் கிளம்பும்போதே ரெண்டு மணி நேரத்துல ஷட்டவுன் ஆகச் சொல்லிட்டு, ஷட்டவுன் ஆனா டெர்மினேட்னு போட்டுடறேன். ஆத்தூர்ல கரண்ட் இருந்தாலும் போனாலும் அது தானா செத்துடும். அழிக்கற ஸ்கிரிப்ட் இப்ப எல்லா ரீஜனையும் சுத்தி வருது. டேக் இல்லாத மெஷினையும், மெஷின் போன பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கற டிஸ்க்கையும் காட்டும். சும்மா கிடக்கற பொது ஐபியையும் காட்டும், 2024 பிப்ரவரியில இருந்து மணிக்கு 0.005 டாலர்னு எல்லா பொது ஐபிக்கும் காசு.

இதெல்லாம் டெக்னிக்கு. நான் விடாம சண்டை போட்டு வாங்கினது ஆளுக்கொரு கீ. பணம் போனா அடுத்த மாசம் சம்பாரிச்சுக்கலாம். ஒரே சாவியை ஒம்போது பேருக்குக் கொடுத்துட்டு திருடன் யாருன்னு தேடினா, கடைசியா சேந்தவன்தான் மாட்டுவான். அவன்கிட்ட எதிர்த்துப் பேச அனுபவமும் இருக்காது, ஆளும் இருக்காது. காலேஜ்ல இருந்து வர்ற பசங்களுக்கு ரன் இன்ஸ்டன்சஸை முதல்ல சொல்லிக் கொடுக்கற டுடோரியல் ஆயிரம் இருக்கு. நீங்க யாராவது கிளாஸ் எடுக்கறதா இருந்தா டெர்மினேட்டை முதல்ல சொல்லிக் கொடுங்க. கீயை அதுக்கு முன்னாடியே தனித்தனியா கொடுத்துடுங்க.

தம்பி இன்னும் எங்ககூடத்தான் இருக்கான். போன வாரம் என் ஸ்கிரிப்டை ரிவ்யூ பண்ணிட்டு, "அண்ணா, இதுல நேரத்தை ஐஎஸ்டின்னு போட்டு எழுதிடலாமா?"ன்னு கேட்டான். முகத்தைப் பாத்தா சிரிக்கற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. எழுதிடலாம் தம்பின்னேன்.

வெளிய மேகம் கட்டுது. மோடம் போறதுக்குள்ள இதைப் போட்டுடறேன்.