ஆங்கிலம் இருந்தால் போதும் என்று சொன்னவன் நான்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது ஜப்பானுக்குக் கிளம்பத் தயாராக இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், பையனுக்கு ஜப்பான்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் கிளம்பறான்" என்றார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, ஜப்பானிய மொழி படித்திருக்கிறானா என்று கேட்டேன். "அது எதுக்கு சார்? நீங்கதான கிளாஸ்ல சொல்வீங்க, இங்கிலீஷ் தெரிஞ்சா உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் பொழச்சுக்கலாம்னு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம், சொன்னேன். 34 வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்து, ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்று உங்கள் எல்லார் முன்னாலும் திரும்பப் பெறுகிறேன். ஜப்பானைப் பொறுத்தவரை அது பொய். மொழி தெரியாத பிள்ளையை அங்கே அனுப்புவது, வாயைக் கட்டி அனுப்புவதற்குச் சமம். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் தங்கை மகன் மூன்று வருடத்துக்கு முன்னால் அய்ச்சி மாகாணத்துக்குப் போனான். பி.இ. மெக்கானிக்கல். அவன் கல்லூரியில் ஜப்பான் வேலை என்று பெரிய பேனர் வைத்து ஆள் எடுத்தார்கள். மொழி பற்றிக் கேட்டதற்கு, "அங்க போனா தானா வந்துடும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை கொடுத்துவிட்டார்கள். தங்கும் இடம் முடிவானதிலிருந்து 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். கம்பெனி ஆள் ஒருவர் கூட வந்து அதை முடித்துக் கொடுத்தார். அன்றோடு அவர் வேலை முடிந்தது. மறுநாளிலிருந்து இவன் தனி.

தபால் பெட்டியில் தினமும் காகிதம் விழும். எது விளம்பரம், எது கட்ட வேண்டிய பில், எது அரசாங்கக் கடிதம் என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தான். குப்பையை எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில் என்று பிரித்து, அதற்குரிய கிழமையில் காலையிலேயே வைக்க வேண்டும். இவன் வைத்த பையில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப் போனார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல், அக்கம்பக்கம் பார்ப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடினான். ஒரு ராத்திரி போன் திடீரென்று அலறியது. பூகம்ப எச்சரிக்கை. "ஜிஷின்" என்றால் பூகம்பம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

பெயரிலும் சிக்கல். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். அங்கே எல்லா இடத்திலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வங்கியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறான். மூன்று முறை அவன் அப்பா பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் ஜப்பானிய உச்சரிப்பில். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிய அரை மணி நேரம் ஆனது. என் மைத்துனர் காலமாகி ஆறு வருடம். "அப்பாவ யாரோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு மாமா" என்று அன்றைக்குப் போனில் சொன்னான்.

இவையெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடியவை. ஐந்தாவது வாரம் நடந்தது அப்படியல்ல.

வயிற்று வலி. முதல் நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தான். இரண்டாம் நாள் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போனான். உள்ளே போனதும் நோய் விவரப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். முழுக்க ஜப்பானிய எழுத்து. எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்கும் படிவம். இவன் ஆங்கிலத்தில் பேசினான். அந்தப் பெண் பதறிப்போய்ப் பணிவாக ஏதோ சொன்னாள். வெட்கப்பட்டு எழுந்து வந்துவிட்டான்.

அன்று ராத்திரி எனக்கு வீடியோ கால். இங்கே பதினொன்றரை, அங்கே அதிகாலை மூன்று. சுருண்டு படுத்திருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெளிவா, மெதுவா இங்கிலீஷ்ல சொல்லுப்பா. யாருக்காவது புரியும்." என் 34 வருட அனுபவம் அந்த நேரத்தில் கொடுத்த அறிவுரை அதுதான். 119-க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வரும் என்பதுகூட எங்கள் இருவருக்கும் தெரியாது.

விடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனைக் கீழ்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். குடல்வால் அழற்சி. இன்னும் தள்ளிப்போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார்களாம். காப்பீடு இருந்ததால் செலவில் 30 சதவீதம்தான் அவன் கையிலிருந்து போனது. பணம் பிரச்சினையே இல்லை. "ஓனகா கா இதாய் தேசு." வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். இந்த நான்கு வார்த்தை தெரியாமல் ஒரு பிள்ளை இரண்டு நாள் துடித்தான். அந்தக் குற்றத்தில் எனக்குப் பங்கு உண்டு. அவனை ஆள் எடுத்து அனுப்பியவர்களுக்கும் உண்டு.

இனி, நீங்கள் சொல்லப்போகும் பதில்களுக்கு வருகிறேன்.

"போன்ல மொழிபெயர்ப்பு ஆப் இருக்கே சார்." இருக்கிறது. குப்பைப் பையின் ஸ்டிக்கருக்கு அது போதும். வலியில் சுருண்டு கிடப்பவன் அதில் டைப் அடித்துக்கொண்டிருப்பானா?

"என் பையன் ஐ.டி., ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தான்." சரி, எட்டு மணி நேரம் ஆபீஸ். மீதி பதினாறு மணி நேரம்? டோக்கியோவில் நிஷி கசாய் பகுதியில் நம் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, மளிகைக் கடைகளும் இருக்கின்றன. அங்கே வீடு கிடைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் டோக்கியோவா கிடைக்கிறது? தொழிற்சாலைகள் இருப்பது சின்ன ஊர்களில்.

"வெளிநாட்டுக்காரங்கள அவங்க ஒதுக்கறாங்க, நாம மொழி படிச்சு என்ன பிரயோஜனம்?" ஒதுக்குவது உண்மைதான். அவர்களுடைய நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்விலேயே, வீடு தேடிய வெளிநாட்டவரில் 39 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. ஆனால் என்னை ஏன் மறுக்கிறாய் என்று கேட்பதற்கும் வாய் வேண்டும். அந்தப் பாட்டியும் அதே நாட்டுக்காரர்தான். ஐந்து வாரமாக அவருக்கு ஒரு காலை வணக்கம்கூட இவன் சொன்னதில்லை, சொல்லத் தெரியாமல்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2019-இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் முதியோர் பராமரிப்புக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போகிறவர்கள் ஜப்பானிய மொழித் தேர்வில் தேறித்தான் போகிறார்கள். என் தங்கை மகன் போன பொறியாளர் விசாவுக்கு அது கட்டாயமாக இருக்கவில்லை. அதனால் ஐ.டி.ஐ. படித்தவன் பேசத் தெரிந்து போகிறான், பி.இ. படித்தவன் ஊமையாகப் போகிறான். சட்டம் கேட்காவிட்டால் நாமும் கேட்க மாட்டோமா? ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கட்டத் தயங்காத நாம், ஆறு மாத வகுப்புக்கு "டைம் வேஸ்ட்" என்கிறோம்.

கஷ்டமான மொழி என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹிராகனாவில் அடிப்படை எழுத்து 46, கதகனாவில் 46. 247 எழுத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைக்கு இது பெரிய விஷயமா? கஞ்சி எழுத்துகள் கடினம்தான், அன்றாடப் பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. அதற்கு வருடக்கணக்காகும். பேச்சு அப்படி இல்லை. "வதாஷி வா கினோ மிசே நி இகிமாஷிதா." அப்படியே வரிசையாகத் தமிழில் வையுங்கள்: நான், நேற்று, கடை, கு, போனேன். வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில். கேள்வியாக்க நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். இரண்டும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் சொன்னார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், வாக்கியத்தைத் தலைகீழாக்கும் வேலை நமக்கு இல்லை. ஆங்கிலம் கற்றபோது நீங்கள் பட்ட பாட்டில் பாதிகூட இதற்குப் பட வேண்டியதில்லை. இது ஆங்கில வாத்தியார் சொல்வது!

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போய் இறங்கிய முதல் மாதமே "எவ்வளவு அனுப்பினான்?" என்று கேட்காதீர்கள். அங்கே உள்ளூர் வரி முந்தைய வருட வருமானத்தை வைத்துப் போடுவது. முதல் வருடம் தெரியாது. இரண்டாம் வருடம் ஜூன் மாதத்திலிருந்து சம்பளத்தில் பிடிக்கும்போதுதான் தெரியும். முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து இங்கே யாரும் கடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆறு மாதம் அவன் அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் யாராவது சம்பாத்தியம் கேட்பார்களா?

ஆக, கிளம்புவதற்கு முன் குறைந்தது ஆறு மாதம் படியுங்கள். ஜே.எல்.பி.டி. தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். என்5 தொடக்க நிலை, என்4 அதற்கு மேல். என்4 தேறாமல் விமானம் ஏறாதீர்கள். போன பிறகு, அந்த ஊரில் தன்னார்வலர்கள் நடத்தும் மொழி வகுப்பு இருக்கிறதா என்று நகராட்சியில் கேளுங்கள். பல ஊர்களில் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது. 119 ஆம்புலன்ஸ், 110 போலீஸ். இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள்.

என் தங்கை மகன் இப்போது என்3 தேறிவிட்டான். அதே வீட்டில்தான் இருக்கிறான். பாட்டிக்கு பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். புதிதாக வரும் நம் பிள்ளைகளோடு லீவு நாளில் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் துணைக்குப் போகிறான். நானும் 68 வயதில் ஹிராகனா எழுதிப் பழகுகிறேன். 31 எழுத்து வந்துவிட்டது.

அந்த மாணவருக்கு நேற்று போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பையன் கிளம்பும் தேதியை ஐந்து மாதம் தள்ளிக் கேட்டு கம்பெனிக்கு எழுதியிருக்கிறானாம். ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

ஜப்பானுக்குக் கிளம்பும் பிள்ளைகள் யார் இருந்தாலும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவனோடு பேச ஏற்பாடு செய்கிறேன். வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் திருத்திச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.