காற்றோடு விட்ட பேச்சு

சிதம்பரம் கோயிலில் தேவார ஏடுகளைச் செல்லரித்த வரலாறு நமக்கு மனப்பாடம். பூட்டிய அறையைத் திறக்கிறார்கள். ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிக் கரைத்தால் மிஞ்சியது கொஞ்சம். கேட்கும்போதெல்லாம் அன்றைய தில்லைக்காரர்கள் மேல் நமக்குக் கோபம் வருகிறது. கோபப்படும் யோக்கியதை கடலூர்க்காரர்களாகிய நமக்கு இல்லை.

அப்பர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில், ஞானியார் மடத்தின் ஐந்தாம் பட்டமாக 1889இல் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அமர்ந்தார். நாம் ஞானியார் அடிகள் என்று சொல்லும் சிவசண்முக மெய்ஞ்ஞான சிவாசாரிய சுவாமிகள் அவர்தான். 1942இல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தமிழிலும் வடமொழியிலும் தெலுங்கிலும் புலமை. திரு.வி.க.வே அவர் பேச்சை வியந்து எழுதியிருக்கிறார். மடத்துக்கு வந்த பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தார். ‘கெடிலக் கரை நாகரிகம்’ எழுதிய சுந்தர சண்முகனார் அங்கே பாடம் கேட்டவர்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பேச்சு. அதில் அச்சேறியது சொற்பம். நூல் எழுதிக் குவிப்பதல்ல அவர் வழி. கேட்டவர்கள் எழுதியிருக்க வேண்டும். கேட்டவர்கள் நாம்.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. 1908இல் சுப்பிரமணிய சிவாவின் மேடைப்பேச்சைப் போலீசார் குறிப்பெடுத்து ராஜத்துரோக வழக்கில் சாட்சியமாக வைத்தார்கள். தண்டிக்க நினைத்தவனுக்கு இருந்த சிரத்தை, கைதட்டிய நமக்கு இல்லாமல் போனது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது; 1938இல் சென்னை வானொலி வந்தது. அடிகளின் பேச்சை முழுதாகப் பதிந்துவைக்க வேண்டும் என்று ஊர் கூடி ஒரு குரல் எழுப்பியிருக்கலாம். பிறகும் காலம் இருந்தது. அவரை நேரில் கேட்ட பெரியவர்கள் எண்பதுகளிலும் நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. கேசட்டில் கல்யாண நாதஸ்வரத்தைப் பிடித்தோம், சினிமாப் பாட்டைப் பிடித்தோம். “சுவாமிகள் எப்படிப் பேசுவார் தாத்தா?” என்று கேட்டு அந்தப் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை.

கிரேக்கத்தில் ஐசோக்ரடீஸ் என்றொரு சொற்கலை ஆசிரியர், கி.மு. 436இல் பிறந்தவர். குரல் வலுவில்லாததால் மேடை ஏறாமல் உரைகளை எழுதியே பரப்பினார். அவருடையவை 21 உரைகளும் 9 கடிதங்களும் இன்றும் கிடைக்கின்றன. அவர் எழுதினார் என்பது பாதிக் காரணம்தான். தலைமுறை தலைமுறையாக யாரோ உட்கார்ந்து படியெடுத்தார்கள். அந்தப் படியெடுத்த கைகளின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிய ஆறுமுக நாவலர் பெரிய பிரசங்கி. சொந்தமாக அச்சுக்கூடமும் வைத்திருந்ததால் அவர் உரைநடை நம் கையில் இருக்கிறது. அடிகளுக்கு அந்த வேலையை நாம் செய்திருக்க வேண்டும்.

குரு பூஜை என்றால் மாலை போடுகிறோம், அன்னதானம் செய்கிறோம். அந்தக் காலத்துச் சைவ, தமிழ் மாத இதழ்களில் அவர் பேசிய கூட்டங்களைப் பற்றிய குறிப்புகள் இருந்தால், அவற்றைத் தேடித் திரட்டி ஆண்டுவாரியாக ஒரு புத்தகமாக்குவதற்கு அந்த அன்னதானச் செலவில் ஒரு பங்கு போதும். வண்டிப்பாளையத்திலும் புலியூரிலும் பழைய குடும்பங்களின் பரணில் சபை நோட்டீசும் தாத்தாவின் குறிப்பு நோட்டும் இன்னும் கிடக்கலாம். அடுத்த முறை வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன், அவற்றை ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும்.