அழகு அறுவை சிகிச்சை விளம்பரம்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

தீபாவளி மலரில் ஓர் அழகு சிகிச்சை மையத்தின் விளம்பரத்தைப் போடலாமா என்று தொடங்கிய சர்ச்சை எங்கே வந்து நிற்கிறது என்பது புனேயிலுள்ள நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். பொதுக்குழுவில் பேசியதை மறுபடி எழுதவில்லை. செயற்குழுவின் முடிவை மட்டும் பதிவு செய்கிறோம்.

கொழுப்பு உறிஞ்சுவதோ வயிற்றுச் சதை நீக்குவதோ அவரவர் விருப்பம். செய்துகொண்டவர்களைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஏச்சுகளைக் கண்டிக்கிறோம். மையத்தின் கட்டணம் பற்றிய புகார்கள் தனியே பரிசீலிக்கப்படும்.

எங்களைக் கொதிக்க வைத்தது வேறு. சிகிச்சைக்குப் பிறகு வயிற்றைப் புரட்டுகிறது, நாள் தள்ளிப்போகிறது என்று மையத்துக்குப் போன் செய்த பெண்களுக்குக் கிடைத்த ஒரே பதில், “டென்ஷன் ஆகாதீங்க” என்பதுதான். மயக்க மருந்தும் சில வலி மருந்துகளும் குமட்டலை உண்டாக்கும். பெண்களுக்கும், பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவர்களுக்கும் கூடுதலாகவே. அறுவையின் அதிர்ச்சி, ரத்த இழப்பு, சாப்பாடு குறைவது எல்லாம் சேர்ந்து மாதவிலக்கை முன்பின்னாக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

குமட்டலைத் தடுக்கத் தரும் அப்ரெபிடன்ட், அறுவை முடிந்ததும் தசைத் தளர்வைப் போக்கும் சுகமாடெக்ஸ் இரண்டுமே கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். முதலாவதற்குப் பின் ஒரு மாதமும், அடுத்ததற்குப் பின் 7 நாளும் ஆணுறை போன்ற மாற்றுப் பாதுகாப்பு வேண்டும். நாள் தள்ளிய பெண்ணைக் கர்ப்பப் பரிசோதனைகூடச் செய்யச் சொல்லாமல் டென்ஷன் என்று அனுப்புவது என்ன வைத்தியம்? எங்களிடம் காட்டப்பட்ட படிவம் ஒன்றில் முன்பணத்துக்குக் கட்டம் இருக்கிறது, தள்ளுபடிக்கும் இருக்கிறது. கடைசி மாதவிலக்குத் தேதிக்கு இல்லை. சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இல்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த, கட்கி பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருந்த அந்தத் தாளில்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விளங்காமல் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்பதற்கு சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தந்த தீர்ப்பு போதும்.

எல்லாக் குமட்டலும் சாதாரணமானதல்ல. வாந்தியோடு வயிறு கல்லாக உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, வாயைச் சுற்றி மரத்துக் காது இரைந்தாலோ போனில் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பெங்களூரில் 2022 மே மாதம் கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் போன 21 வயது நடிகை உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

மருத்துவர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறைகளே தவறு என்கின்றன. மலருக்கு நிதி குறையும் என்ற சில உறுப்பினர்களின் கவலை நியாயமானதே. இருந்தாலும், பெரும்பான்மைக் கருத்தின்படி, இந்த ஆண்டு விளம்பரம் இல்லை. விளம்பரத்துக்கு வாங்கிய முன்பணம் திருப்பி அனுப்பப்படும். வரும் ஆண்டுகளைப் பற்றிப் பொதுக்குழு முடிவு செய்யும். எந்த மையமானாலும் மாதவிலக்கு, மாத்திரை விவரங்களைக் கேட்டுப் பதிவு செய்யாமல், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்காமல், இரவிலும் போனை எடுக்கக்கூடிய மருத்துவரின் எண்ணைத் தராமல் நம் மேடையில் ஏற முடியாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

மகாராஷ்டிர நர்சிங் ஹோம் பதிவு விதிகளில் 2021இல் வந்த திருத்தத்தின்படி, நோயாளி உரிமைச் சாசனம் மருத்துவமனையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் மாநகராட்சிக்குப் புகார் எழுத நம் மகளிர் குழு உதவும். உங்கள் சம்மதமின்றிப் பெயர் வெளியே போகாது.

– செயற்குழு, புனே